தீவு மக்களும் சிறு பொருளுதவியும்

(பொம்மனஹள்ளியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா என்றால் சிலம்பும் குறளும் பேசுவதே மரபு. அம்மரபில் நமக்குக் குறை ஏதும் இல்லை. இன்று மாலை நம் சிறுவர்கள் ஒப்பித்த பாடல்களைக் கேட்டு நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் இவ்வாண்டு செயற்குழுவார், குப்பையைப் பற்றியும் அதனால் பிழைக்கும் மக்களைப் பற்றியும் பேசவேண்டும் என்று பணித்தனர். அதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தனர் என்பதையும் அறிவோம். விழா நாளில் குப்பைப் பேச்சு எதற்கு என்று வினவுவது இயல்பே.

காரணம் இரண்டு உண்டு. நம் குடியிருப்பிலிருந்து பல குடும்பங்கள் இராமேசுவரம் சென்று வருகின்றன. அக்கினி தீர்த்தத்தில் நீராடுகிறோம். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நனைகிறோம். வரும்பொழுது தண்ணீர்ப் பாட்டிலையும் பிரசாதப் பையையும் ஈரத்துணி சுற்றிய உறையையும் அங்கேயே விட்டு வருகிறோம். அது ஒரு தீவு என்பது நம் நினைவில் நிற்பதில்லை. இது முதற் காரணம். வைகறையில் நம் தெருக்களுக்கு வந்து குப்பை எடுத்துப் பிரிக்கும் பெண்களிற் பலர் நம் மொழி பேசுவோர் என்பது இரண்டாவது. திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரி, கிருட்டிணகிரி என்று ஊர்ப்பெயர் சொல்லுகிறார்கள். ஓசூர்ச் சாலையின் தையல் ஆலைகளுக்கும் கணிப்பொறி நிறுவனங்களுக்கும் நாம் வந்தோம். குப்பைக்கு அவர்கள் வந்தார்கள். பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்ததில் அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை.

முதலில் தீவின் நிலையைக் காண்போம்.

நிலப்பகுதியில் உள்ள சிற்றூரில் ஒரு பழைய வாளி உடைந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. மிதிவண்டியில் வருபவன் அதை எடைக்கு வாங்கி, பேரூரிலுள்ள காயலான் கடையில் விற்கிறான். குஜரிக் கடை என்று இங்கே சொல்வது அதைத்தான். அங்கிருந்து அது லாரி ஏறி ஆலைக்குப் போகிறது. இடையில் ஐந்தாறு கைகள் மாறுகின்றன. ஒவ்வொரு கையிலும் சில காசுகள் தங்குகின்றன. தீவில் இச்சங்கிலி அறுந்துவிடுகிறது. தீவுக்கு எல்லாப் பொருளும் படகேறி வருகின்றன. திரும்பிப் போவது எதுவுமில்லை. ஏனெனில் திருப்பி அனுப்பும் கூலி, பொருளின் விலையை விழுங்கிவிடும். வெறும் தண்ணீர்ப் பாட்டில்களை ஒரு படகு நிறைய ஏற்றினால் அதில் பெரும்பகுதி காற்றுதான். காற்றுக்கு யார் கூலி கொடுப்பார்? ஆகவே தீவார் குப்பையைக் கடற்கரையிற் கொட்டுகிறார்கள், அல்லது எரிக்கிறார்கள். மாலத்தீவின் தலைநகரான மாலேயின் குப்பை, 1990-களின் தொடக்கம் முதல் திலாபுஷி என்னும் காயலில் கொட்டப்பட்டது. கொட்டக் கொட்ட அது குப்பையாலேயே மேடான தீவாயிற்று. அங்கே வெட்டவெளியில் எரித்த புகை ஓயாமல் எழுந்துகொண்டிருந்தது. 2021-ல்தான் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது.

பாம்பன் தீவுக்கு 1914 முதல் ரயில் பாலம் உண்டு. 1988 முதல் சாலைப் பாலமும் உண்டு. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டது. பாலமுள்ள தீவிலேயே கரையெங்கும் பை கிடக்கிறது என்றால், பாலமில்லாத தீவின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

தீவார் போடும் குப்பை ஒரு பங்கென்றால், கடல் கொண்டுவந்து போடும் குப்பை வேறு. இந்துமாக்கடலில் சீசெல்சு நாட்டைச் சேர்ந்த ஆல்டாப்ரா என்றொரு பவழத் தீவு உண்டு. உலக மரபுச் சின்னமாகப் போற்றப்படுவது. ஆராய்ச்சி நிலையத்தார் சிலரைத் தவிர அங்கே குடியிருப்பார் இல்லை. பெரிய ஆமைகள்தாம் அங்கே குடிமக்கள். 2019-ல் ஒரு குழுவினர் சென்று 25 டன் குப்பையை அள்ளினார்கள். பெரும்பகுதி மீன்பிடி வலையும் கயிறும். அடுத்தபடியாக ரப்பர்ச் செருப்பு. இன்னும் ஏறத்தாழ 500 டன் எஞ்சியிருக்கிறது என்றும், முழுவதும் அள்ள 46 லட்சம் டாலருக்கு மேல் செலவாகும் என்றும் 2020-ல் அவர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஆளில்லாத தீவில் அத்தனை செருப்பு! யார் காலிலிருந்து கழன்றவை என்று கேட்டால் விடை சொல்ல ஒரு நாடும் முன்வராது.

இத்தகைய பெருந்தொகைகளைக் கேட்டதும் சோர்வு வருகிறது. ஆனால் நாம் இன்று பேச வந்தது பெருந்தொகையைப் பற்றியன்று. சிறு தொகையைப் பற்றி.

1992-ஆம் ஆண்டு இரியோ நகரில் புவி மாநாடு கூடியது. அதே ஆண்டில் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் தொடங்கிற்று. அதை நடத்துவது ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம். பொதுவாகப் பன்னாட்டு நிதி என்பது அரசுக்கு அரசு போவது; கோடிக்கணக்கில் போவது; நடுவில் எங்கே நின்றது என்று தேட வேண்டியது. இத்திட்டம் வேறு வகையானது. பணம் ஊரார் குழுக்களுக்கே நேரே கிடைக்கிறது. பல ஆண்டுகளாக ஒரு மானியத்தின் உச்ச வரம்பு 50,000 டாலராக இருந்தது. பெரும்பாலானவை அதனினும் சிறியவை. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் அரசு சாராதவர்களே பெரும்பான்மையினர். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இது நடைபெற்றிருக்கிறது; இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. தனியார் நிறுவனங்களிலும் அறக்கட்டளைகளிலும் இதே முறையைக் கைக்கொண்டவை உண்டு.

மீனவப் பெண்கள் பத்துப் பேர் கூடி ஓர் எந்திரம் வாங்க நினைத்தால் வங்கியில் கடன் கிடைக்குமா? அடமானம் கேட்பார்கள். அரசுத் துறைக்கோ பத்துப் பேரின் விண்ணப்பம் மிகச் சிறியது. கோப்புத் திறக்கும் செலவுகூட அதற்குத் தேறாது. வட்டிக்குக் கொடுப்பவர் மட்டும் மகிழ்ந்து கொடுப்பார். இந்த இடைவெளியில்தான் சிறு மானியம் வந்து நிற்கிறது. அது வாங்கித் தருபவை யாவை? ஒரு தராசு. பாட்டிலை நசுக்கிக் கட்டாகக் கட்டும் அழுத்து எந்திரம். மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை. கையுறை. முதல் சில மாதப் படகுக் கூலி. பார்ப்பதற்கு அற்பப் பொருள்கள். ஆயின் சற்று முன்பு காற்றுக்குக் கூலி என்றோமே, அந்தக் காற்றைப் பிழிந்து வெளியேற்றுபவை இவைதாம். தீவுக்கும் ஆலைக்கும் உள்ள தொலைவைச் சுருக்கவே அந்தப் பணம் பயன்படுகிறது.

இதற்கு நாம் அறிந்தவற்றுள் நல்ல சான்று பிலிப்பைன்சு நாட்டில் இருக்கிறது. செபு, போஹோல் என்னும் தீவுகளுக்கிடையே டனாஹோன் திட்டு என்னும் பவழப் பாறைத் தொடர் உள்ளது. அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு தீவுகள். தீவு நிறைய மீனவக் குடில்கள். அவர்கள் பயன்படுத்துவது மெல்லிய நைலான் வலை. நம் இராமநாதபுரத்து மீனவர் தங்கூசி வலை என்பார்களே, அவ்வகை. அது நெடுநாள் உழைப்பதில்லை. கிழிந்ததும் கரையிலோ கடலிலோ எறிந்துவிடுவார்கள். எறிந்த வலை சும்மா கிடப்பதில்லை. ஆளில்லாமலே மீன் பிடிக்கும். பவழத்தைச் சுற்றி இறுக்கும். வலையை எறிந்தவனுக்கே மறுநாள் மீன் குறையும்.

2012-ல் இலண்டன் விலங்கியல் கழகமும் இன்டர்பேஸ் என்னும் கம்பள நிறுவனமும் சேர்ந்து அங்கே நெட்-ஒர்க்சு என்ற திட்டத்தைத் தொடங்கின. கம்பள நிறுவனத்துக்கு நைலான் நூல் வேண்டும். அதற்கு நூல் தரும் அக்வாபில் என்னும் இத்தாலிய நிறுவனத்துக்குச் சுலோவேனியா நாட்டில் ஓர் ஆலை உண்டு. பழைய நைலானை அதன் மூலப்பொருளாகிய காப்ரோலாக்டம் என்னும் நிலைக்கே பிரித்து, மீண்டும் புத்தம்புது நைலானாக ஆக்குவது அவ்வாலையின் தொழில். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். நாம் எறியும் பாட்டிலையோ பையையோ உருக்கி மறுபடி வார்த்தால் தரம் ஒருபடி இறங்கும். இரண்டு மூன்று முறைக்குமேல் தாங்காது. ஆறாம் வகை நைலானை மூலம் வரை பிரித்துக் கட்டுவதால் தரம் இறங்குவதில்லை. ஆதலால் கிழிந்த வலைக்கு உண்மையான தேவை இருந்தது. வாங்குபவர் முதலிலேயே இருந்தார்.

தீவார் வலைகளைச் சேகரித்துக் கழுவி எடைபோட்டு, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்திக் கட்டு கட்டினார்கள். கட்டுகள் சேர்ந்ததும் கப்பலேறின. வந்த பணம் எங்கே போயிற்று என்பதுதான் இத்திட்டத்தின் சிறப்பு. ஒவ்வோர் ஊரிலும் சேமிப்புக் குழு அமைத்தார்கள். நம் மகளிர் சுய உதவிக் குழுவைப் போன்றதே. வாரந்தோறும் கூடிச் சிறு தொகை போடுவார்கள்; அவசரத்துக்குக் கடன் எடுப்பார்கள்; வலைக் காசும் அதிலேயே சேர்ந்தது. வலை விற்ற பணத்தால் ஒருவரும் மாடி வீடு கட்டவில்லை. மீன்பிடித் தொழிலை விடும் அளவுக்கும் அது வருவாய் தரவில்லை. ஆனால் புயல் வந்து படகு இறங்காத மாதத்தில், வட்டிக்காரர் வீட்டுக்குப் போகாமல் தங்கள் பெட்டியிலிருந்தே எடுக்க முடிந்தது. அது பெரிய விடுதலை. வட்டிக்காரர் வாசலில் நின்று பழகியவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக் கரையோரம் லாமு என்றொரு பழந்தீவு உள்ளது. மரக்கலம் கட்டுவதில் தலைமுறை தலைமுறையாகப் பேர்பெற்றது. அலி ஸ்கந்தா என்னும் கலம் செய் கலைஞரும் அவர் கூட்டாளிகளும், கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கை உருக்கிப் பலகையாக வார்த்து, மரபு வழுவாமல் இணைத்து ஒரு பாய்மரக் கலம் கட்டினார்கள். மேற்புறம் முழுவதும் பழைய ரப்பர்ச் செருப்புகளால் போர்த்தினார்கள். அதனால் பல வண்ணமாக மின்னிற்று. ஏறத்தாழ 10 டன் குப்பை அதற்குள் அடங்கியதாம். 2018 செப்டம்பரில் வெள்ளோட்டம் விட்டார்கள். 2019-ன் தொடக்கத்தில் லாமுவிலிருந்து சான்சிபார் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பாய்விரித்துச் சென்றது. ஆல்டாப்ராவில் ஒதுங்கியதும் செருப்பு, இங்கே கலமானதும் செருப்பு என்பதை எண்ணி வியந்தோம்.

ஒரு கலம் காட்சிப்பொருள்தானே, அதனால் எத்தனை பேர் வயிறு நிறையும் என்று கேட்பார் கேட்கலாம். நாமும் கேட்டோம். அவர்களும் கேட்டிருக்கவேண்டும், ஏனெனில் பின்னர் லாமுவிலேயே மறுசுழற்சிக் கூடம் அமைத்து, தீவாரிடம் பிளாஸ்டிக்கை எடைக்கு வாங்கி, பலகையும் தட்டுமுட்டுப் பொருள்களும் செய்யும் தொழிலாக அதை மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவின் வடமுனையில் எரூப் என்னும் தீவு மக்கள், கரையொதுங்கிய வலைகளைக் கொண்டு ஆமை, மீன், சுறா முதலிய உருவங்களைப் பின்னினார்கள். அவை 2016-ல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகம் வரை சென்றன. அவர்களுடைய கைத்திறம் தனிச் செல்வம். அதற்கு விலை உண்டு. எல்லாத் தீவிலும் அது நடவாது. சிறு மானியத்தின் பெயரால் பல இடங்களில் பழைய உறைகளைக் கத்தரித்துப் பணப்பையும் பூச்செண்டும் செய்யப் பயிற்சி தருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பைகளை அடுத்த ஆண்டு யார் வாங்குவார் என்று எவரும் கேட்பதில்லை. வாங்குபவரைத் தேடாமல் பொருளைச் செய்யச் சொல்வது பெண்களின் நேரத்தை வீணாக்குவதாகும். உதிரி உறுப்புக் கிடைக்காமலோ மின்சாரம் இல்லாமலோ துருவேறி நிற்கும் எந்திரமும் அதே வகைதான்.

இனி அண்மைக்கு வருவோம். கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை என்னும் துறைமுகங்கள் உள்ளன. நம் குமரி மாவட்டத்தார் பலர் அங்கே படகேறுகிறார்கள். இழுவலையில் மீனோடு பிளாஸ்டிக்கும் வரும். மீனை எடுத்துக்கொண்டு குப்பையை மறுபடி கடலிலேயே எறிவது வழக்கமாயிருந்தது. 2017 நவம்பரில் சுசித்வ சாகரம் என்ற திட்டத்தைக் கேரள அரசு தொடங்கிற்று. அப்பொழுது மீன்வளத்துறை அமைச்சராயிருந்தவர் மெர்சிக்குட்டி அம்மா. படகுக்கு ஒரு பை கொடுத்தார்கள். குப்பையைப் பையிலிட்டுக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கரையில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் அதைக் கழுவிப் பிரித்தார்கள். துறைமுகத்திலேயே அமைத்த எந்திரத்தில் அரைத்துச் சாலை போடக் கொடுத்தார்கள். முதற் பத்துத் திங்களில் 25 டன் கரையேறிற்று. ஆல்டாப்ராவில் தனிக் குழு சென்று அள்ளியதும் 25 டன்; இங்கே எவரும் குப்பைக்கென்று கடலேறவில்லை, மீனுக்குப் போனவர்களே கொண்டுவந்தார்கள்.

சாலை என்றதும் மதுரையை நினைக்கவேண்டும். தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான சல்லியின்மேல் தூவினால் அது உருகிக் கல்லின்மேல் படலமாகப் பற்றும் என்றும், அதன்மேல் தார் ஊற்றினால் பிடிப்பு மிகும் என்றும் கண்டார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே அவ்வாறு சாலை போடப்பட்டது. எரிப்பதில்லை, உருக்குவதே, ஆகையால் எரித்தால் வரும் நச்சுப் புகைக்கு இடமில்லை. காயலான் கடைக்காரர் தொடவும் மாட்டாத மெல்லிய பைகளும் தின்பண்ட உறைகளும் இதற்கு உதவுகின்றன என்பதே இதன் பெரும்பயன். தமிழ்நாட்டில் ஊரகச் சாலைகளுக்கு வேண்டிய பிளாஸ்டிக்கை நறுக்கித் தரும் வேலை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கிடைத்தது. அப்பெண்களுக்கு வேண்டியிருந்தது ஒரு நறுக்கும் எந்திரம் மட்டுமே. பேராசிரியருக்கு 2018-ல் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது.

மன்னார் வளைகுடாவிலும் சிறு பொருளுதவிக்கு ஒரு வரலாறு உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக உள்ளன. அவற்றுள் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. பவழத்தையும் கடற்பாசியையும் நம்பியிருந்த கரையோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்களை அமைத்து, இராமநாதபுரத்தில் இயங்கும் உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை சிறு சிறு தொகைகளைக் கைமாற்றாகக் கொடுத்தது. அக்குழு நிதி சுழன்று ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றது. மாற்றுத் தொழில் கையிலிருந்தால்தான் கடலை விடச் சொல்லலாம் என்பதே அதன் அடிப்படை. வெறுங்கையோடு நிற்பவரிடம் பவழத்தைக் காப்பாற்று என்றால் அவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார்.

இவ்வளவும் கேட்டபின் ஐயம் ஒன்று எழக்கூடும். குப்பையில் வருவாய் உண்டு என்றால் குப்பை போடுவதும் தருமம் ஆகிவிடுமா? ஆகாது. கருநாடகம் 2016-ல் தடை விதித்தது. தமிழ்நாடு 2019 சனவரி முதல் தடை விதித்தது. நாடு முழுவதற்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் சில பொருள்களுக்கு 2022 சூலை முதல் தடை வந்தது. தடைகள் வேண்டியவையே. ஆனால் ஏற்கெனவே உலகில் இருக்கும் பிளாஸ்டிக்கை யாரேனும் குனிந்து எடுத்தாகவேண்டும். குனிபவர்க்குக் கூலி வேண்டும்.

இப்பொழுது பொம்மனஹள்ளிக்கு வருவோம். இங்கே கடல் இல்லை. ஆயினும் பிரிக்கும் பெண்ணுக்கு இதுவும் ஒரு தீவே என்று சொன்னால் மிகையாகாது. 2007 வரை இவ்வூர் தனி நகரசபையாயிருந்தது. பின்னர் பெங்களூரு மாநகராட்சியோடு சேர்ந்தது. 2025 செப்டம்பரில் அம்மாநகராட்சியும் ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அலுவலகப் பலகைகள் மாறின. குப்பை மட்டும் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. முன்பு மாவள்ளிபுரத்துக்கும் மண்டூருக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவ்வூரார் துர்நாற்றம் பொறுக்காமல் போராடியதால் மாவள்ளிபுரம் 2012-லும் மண்டூர் 2014-லும் மூடப்பட்டன. வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டும் என்று உயர்நீதிமன்றமும் ஆணையிட்டது. வட்டந்தோறும் உலர்கழிவு நிலையங்கள் தோன்றின. குப்பை பொறுக்குவோர்க்கு 2011 முதல் மாநகராட்சி அடையாள அட்டை வழங்கத் தொடங்கிற்று. 2013-ல் தோன்றிய ஹசிரு தளம் என்னும் அமைப்பு, குப்பை பொறுக்கியவர்களையே உலர்கழிவு நிலையங்களை நடத்துவோராக உயர்த்தியது.

அந்நிலையத்துக்குச் சென்று பாருங்கள். அது ஒரு கல்விக்கூடம். பெட் பாட்டில் ஒரு குவியல், பால் கவர் ஒரு குவியல், எல்.டி., ஹெச்.எம்., பி.பி. என்று பெண்கள் எழுத்துப் பெயர் சொல்லி எறிகிறார்கள். விரலால் கசக்கி, எழும் ஓசையைக் கேட்டே இன்ன வகை என்று சொல்லிவிடுகிறார்கள். பாட்டில் ஒரு வகைப் பிளாஸ்டிக், அதன் மூடி வேறு வகை. ஆதலால் மூடியைக் கழற்றித் தனியே போடவேண்டும். நம்மில் வேதியியல் படித்தவர்கள் பலர் உண்டு. எத்தனை பேர் இதைச் சொல்லமுடியும்?

“ஐயா, கழுவிப் போட்ட கவருக்கு ஒரு விலை கிடைக்குதுங்க. குழம்பு ஒட்டின கவரை எடுத்தா கூலிதான் நட்டம்” என்று ஒரு தாய் நம்மிடம் கூறினார். அவர் சொன்னது முழுப் பொருளாதாரம். தீவிலிருந்து ஆலைக்கு உள்ள தொலைவு கடலால் வருகிறது. நம் வீட்டிலிருந்து ஆலைக்கு உள்ள தொலைவு நம் குழம்பால் வருகிறது.

விலையும் நிலையானதன்று. 2020-ல் உலகில் எண்ணெய் விலை விழுந்தது. எண்ணெய் மலிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலியும். பழையதை வாங்க ஆலை முன்வராது. எங்கோ எண்ணெய்க் கிணற்றில் நடப்பது இங்கே ஒரு பெண்ணின் மாலைக் கூலியைத் தொடுகிறது. நிலையான விலைக்கு வாங்குவோர் கிடைத்தால் இத்துன்பம் குறையும். 2019-ல் பாடி ஷாப் என்னும் ஆங்கில நறுமணப்பொருள் நிறுவனம், பெங்களூரில் பொறுக்கியெடுத்த பிளாஸ்டிக்கை நியாய விலைக்கு வாங்கித் தன் குப்பிகளுக்குப் பயன்படுத்த ஏற்பாடு செய்தது. பிளாஸ்டிக்ஸ் பார் சேஞ்ச் என்னும் நிறுவனமும் ஹசிரு தளமும் அதில் பங்கு கொண்டன. நல்ல ஏற்பாடே. ஆயின் அக்கம்பெனியே 2024-ல் இங்கிலாந்தில் பணமுடைக்கு உள்ளாயிற்று என்பதையும் மறத்தல் ஆகாது. ஒரே ஒருவரை நம்பியிருப்பது தீவுக்கும் ஆகாது, நகரத்துக்கும் ஆகாது. இரண்டு மூன்று பேர் வாங்குவோராக இருக்கவேண்டும். நல்ல விலை வரும்வரை கட்டிவைக்க ஓர் இடமும் வேண்டும். கட்டிவைக்க இடமில்லாதவர் வந்த விலைக்கு விற்றுத்தான் தீரவேண்டும்.

இனி நம் சங்கத்தின் முன் உள்ள செய்திக்கு வருகிறோம். நம் குடியிருப்புக்கு அருகிலுள்ள உலர்கழிவு நிலையத்தில் வேலை செய்யும் பெண்களிடம், உங்களுக்கு வேண்டியது யாது என்று செயற்குழுவார் சென்று கேட்டார்கள். புடவை தருவார்கள் என்று அவர்கள் எண்ணினார்கள் போலும். சற்று நேரம் பேசவில்லை. பிறகு மூன்று பொருள் சொன்னார்கள். நிறை காட்டும் முகப்பு இருபக்கமும் தெரியும் மின்தராசு ஒன்று. வாங்குபவர் பக்கம் மட்டும் எண் தெரியும் தராசால் மனத்தாங்கல் வருகிறதாம். நின்றபடியே பிரிக்க ஒரு நீண்ட மேசை. நாள் முழுவதும் தரையில் குந்தியிருந்து முழங்கால் போய்விடுகிறதாம். கட்டிய மூட்டைகள் நனையாமலிருக்கத் தகரக் கூரை. அழுத்து எந்திரத்தை அவர்கள் கேட்கவில்லை. நாம்தான் கேட்டோம், வேண்டாவா என்று. “கரண்டு பில் யாருங்க கட்டறது?” என்றார்கள். துருவேறிய எந்திரங்களைப் பற்றிப் படித்துவிட்டுப் போன நமக்கு அவ்விடை மிகவும் பிடித்திருந்தது.

இதற்கு ஆகும் தொகையைக் கட்டட நிதியிலிருந்து எடுக்கலாமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. சொந்தக் கட்டடம் இல்லாமல் வாடகை மண்டபத்தில் விழா எடுக்கும் சங்கம் பிறர்க்குக் கூரை போடுவதா என்று மூத்த உறுப்பினர் சிலர் கேட்டார்கள். அது நியாயமற்ற கேள்வியன்று. பல ஆண்டுகளாக உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணம் அது. சேர்த்தவர்களிற் சிலர் இன்று நம்மோடு இல்லை. ஆகையால் கட்டட நிதியைத் தொடாமல், குடும்பத்துக்கு மாதம் இருபது ரூபாய் வீதம் ஓராண்டுக்குத் தனியே திரட்டலாம் என்பது நம் கருத்து. கணக்கும் தனியாக எழுதப்படும். கூரையின்மேல் சங்கத்தின் பெயர்ப்பலகை வேண்டா. கூரை போடுமுன் இடத்துக்குரிய அலுவலகத்தின் எழுத்து மூலமான இசைவைப் பெறவேண்டும். தராசை முதலில் வாங்கலாம். அதற்கு யாருடைய இசைவும் வேண்டியதில்லை.

ஏற்பதும் மறுப்பதும் பொதுக்குழுவின் உரிமை. வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூட்டம். எதிர்ப்பவர்களும் தவறாமல் வரவேண்டும். இன்று உணவுக்கூடத்தில் இலை போட ஒரு கூடையும் பாட்டில் போட ஒரு கூடையும் வைத்திருக்கிறோம். பாட்டிலில் மிச்சமுள்ள தண்ணீரை வாசலிலுள்ள செடிக்கு ஊற்றிவிட்டு, மூடியைக் கழற்றிப் பக்கத்திலுள்ள டப்பாவில் போடுங்கள்.